காற்றோடு பேசிய பேரம்

எனக்குத் தலைவலி வந்ததே கிடையாது, அம்மா. அறுபது வயதுக்கு இது பெரிய பாக்கியம். அடுத்தவர்களுக்குத்தான் வரவழைப்பேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். அதைக் கேலி என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நேற்று என்னை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது, நான் போலீஸ் இல்லை, மாஜிஸ்திரேட், நீங்கள் எதையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும், ஒரு நாள் நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள் என்றீர்கள். அரை நாள் போதும் அம்மா என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்கிற தம்பிதான் குனிந்துகொண்டு சிரித்தார். என்ன செய்வது, பழக்கம். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைத் தட்டிப் பார்க்காமல் விட என்னால் முடியாது. அந்தப் பழக்கத்தைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வந்துவிடும்.

என் பெயர் மதார் சாகிபு. அருப்புக்கோட்டையில் மோட்டார், பைப்பு, மின்விசிறிக் கடை. வீடு பாளையம்பட்டியில். எங்கள் அத்தா ஜவுளி வியாபாரி. எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது, இரண்டு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அத்தா அவரோடு நின்று பேசி ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் பத்து நாள் இழுத்தது. அத்தாவுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு ஊசி மிச்சம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எங்களுக்கு முதலில் சொல்லப்படும் எண் என்பது உண்மை கிடையாது. அது வாசல். அதைத் தாண்டி உள்ளே போனால்தான் நிஜமான எண் உட்கார்ந்திருக்கும்.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் பூமியைத் தோண்டுவதென்றால் தண்ணீருக்காக. ஆயிரம் அடி போட்டுப் புழுதியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு இந்த வானம் பார்த்த பூமியில் தோண்டிய ஒரே பள்ளம், நகராட்சியின் புதுச் சந்தைக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் வண்டி நிறுத்தம். நாங்கள் வேண்டாம் என்றதாலேயோ என்னவோ, அங்கே மட்டும் ஒரு ஓரத்தில் கசிந்தது.

ஆனால் பிரச்சினை தண்ணீர் இல்லை, புகை. பைக், கார், லோடு ஆட்டோ என்று எல்லாம் சரிவில் இறங்கி உள்ளே நின்று உறுமும். புகை ஏற வழியில்லாமல் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இருந்த சின்ன மின்விசிறிகள் கல்யாண வீட்டில் சும்மா நிற்கிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. கீழே போனவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். அதனால் காற்றோட்ட அமைப்பையே புதிதாக மாற்றுவது என்று முடிவாகி, அந்த வேலை எனக்குக் கிடைத்தது. வேலை முடிந்த பிறகு ஒரு வருடப் பராமரிப்பும் என் பொறுப்பு.

திட்டம் போட்டவர் நகராட்சிப் பொறியாளர் சுகப்பிரியா. என் மகள் வயதுதான் இருக்கும். அவர் போட்டது எளிமையான கணக்கு. கட்டடத்தின் மேற்குச் சந்திலிருந்து ஒரு பெரிய விசிறி நல்ல காற்றை உள்ளே இழுக்கும். கிழக்குச் சந்தில் இன்னொரு பெரிய விசிறி கெட்ட காற்றை வெளியே தள்ளும். ஒரு பக்கம் வாங்கு, மறுபக்கம் விடு. இடையில் சுவரில் ஒரு சென்சார் பலகை. கீழே விஷப்புகை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதில் எண் ஓடும். எண் ஐம்பதைத் தாண்டினால் அலாரம் அலறும். அலறினால் கீழே இருக்கிற எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும்.

"எதுக்கும்மா ஐம்பது? நூறா வச்சுக்கலாமே," என்றேன் முதல் நாளே. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "பாய், காத்துக்கிட்ட எல்லாம் பேரம் பேச முடியாது."

நானும் சிரித்தேன். மனசுக்குள், ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே உட்கார்ந்து பலகையைப் பார்க்கவும் வண்டிகளை ஒழுங்குபடுத்தவும் ஓர் ஆள் வேண்டும். பால்ச்சாமியைப் போட்டேன். திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். இப்போது 'அவர்' என்று சொல்கிறேன், இருக்கும்போது 'அவன்'தான். மரியாதை என் கடையில் எப்போதும் தாமதமாகத்தான் டெலிவரி ஆகும்.

பால்ச்சாமி முன்பு ஆட்டு வியாபாரம் பார்த்தவர். சந்தையில் எங்கள் பேரம் துண்டுக்குள் நடக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரே துண்டுக்குக் கீழே இருக்கும், விரல்தான் விலை பேசும், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பக்ரீத் குர்பானிக்கு ஒரு கிடா பார்க்கப் போய்த்தான் அவரைத் தெரியும். அவர் விரல் ஒன்றைச் சொன்னது, என் விரல் இன்னொன்றைச் சொன்னது. அவர் விரல் அசையவில்லை. நான் என் கடைசி வித்தையைக் காட்டினேன். துண்டிலிருந்து கையை உருவி, வேண்டாம் என்று திரும்பி நடந்தேன். இந்த வித்தை தோற்றதே கிடையாது. நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் கூப்பிடுவார்கள். அதுவரை என்னைக் கூப்பிடாத வியாபாரி இந்தச் சீமையில் இல்லை.

பால்ச்சாமி கூப்பிடவில்லை. கிடாயின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "ஏ, சாய்பு போறாக. ஒரு சலாம் வையி," என்றார்.

சந்தையே சிரித்தது. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வந்து அவர் சொன்னதற்கே அந்தக் கிடாயை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

பிறகு நாங்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். ஒவ்வொரு பக்ரீத்துக்கும் போவேன், ஒவ்வொரு முறையும் திரும்பி நடப்பேன், ஒவ்வொரு முறையும் அவர் கூப்பிட மாட்டார். ஒரு வருடம் நோய் விழுந்து அவருடைய ஆடுகள் எல்லாம் போய்விட்டன. அப்போது நானாகக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தேன். நல்ல மனசு என்று ஊரில் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

"ஆட்டப் பாத்தவனுக்கு வண்டியப் பாக்கத் தெரியாதா சாய்பு? ரெண்டும் சந்து கெடச்சா முட்டத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

வேலை பாதியில் இருக்கும்போது என் மகள் ஷஹீனாவுக்கு ஓர் ஆசை வந்தது. மாப்பிள்ளை துபாயில். அவள் சும்மா இருக்கப் பிடிக்காமல் கல்யாண உடுப்புக் கடை வைக்க இடம் தேடினாள். வெள்ளை லேஸும் கல் வேலையும் சரிகையுமாக, பார்த்தாலே கண் கூசும் சரக்கு. அவள் பிடித்த இடம் கிழக்குச் சந்தில். கெட்ட காற்றைத் தள்ளும் பெரிய விசிறியின் வாய்க்கு நேர் எதிரே.

சுகப்பிரியா அந்தச் சமயத்தில் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். கேட்க ஆளில்லை என்பதால் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கேட்டால் முடியாது என்பார் என்று தெரிந்ததால், கேட்க ஆளில்லாத நேரத்தில் செய்தேன். கிழக்குப் பக்கம் போக வேண்டிய குழாயைத் திருப்பி, மேற்குச் சந்துக்கே கொண்டுபோய்விட்டேன். நல்ல காற்றை இழுக்கும் வாய்க்கும் கெட்ட காற்றைத் தள்ளும் வாய்க்கும் நடுவே ஓர் ஆள் கை விரித்து நிற்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

என் கடை ஃபிட்டர் வீரணன்தான் அந்தக் குழாயை மாட்டினான். ஏணியில் நின்றபடியே கேட்டான். "மொதலாளி, இது துப்பறத அது முழுங்குமே."

"காத்துக்கு எங்க போகணும்னு தெரியும்டா. நீ போல்ட்ட முடுக்கு."

காற்றுக்குத் தெரிந்துதான் இருந்தது.

விசிறிகள் இரண்டும் அருமையாக ஓடின. அதில் ஒரு குறையும் இல்லை. அசல் சரக்கு. இருக்கிற புகையை வெளியே தள்ளி, தள்ளியதை உடனே உள்ளே இழுத்து, மறுபடி தள்ளி, மறுபடி இழுத்து, இவ்வளவு உழைப்பாளி விசிறிகளை நான் பார்த்ததில்லை. முதல் வாரமே அலாரம் அலறியது. வீரணனைக் கூப்பிட்டு நூறுக்கு ஏற்றி வைக்கச் சொன்னேன். நூறிலும் அலறியது. இருநூறுக்கு ஏற்றச் சொன்னேன். வீரணன் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மொதலாளி, இது வெல சொல்லல. உள்ளதச் சொல்லுது."

நல்ல வார்த்தை. நான் அதை ரசித்தேன். ரசித்துவிட்டு, இருநூறு என்றேன்.

அதன் பிறகுதான் பால்ச்சாமிக்குத் தலைவலி ஆரம்பித்தது. கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தலைக்குள்ள கெடா ஒண்ணு நின்னு முட்டுது சாய்பு."

"வெயிலுய்யா."

"கீழ ஏது சாய்பு வெயிலு?"

மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தேன். அதில் நான் கை சுருக்கியதில்லை. அவர் விடவில்லை. ஆட்டு நோயைப் பார்த்துப் பழகின ஆள், இல்லையா. எது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனித்திருக்கிறார்.

"பஸ்ஸு ஏறி ஊரத் தாண்டுனா கெடா படுத்துருது. காலையில படி எறங்குனா எந்திரிச்சிருது. கீழதான் என்னமோ கெடக்கு சாய்பு."

"கொஞ்ச நாள்ல பழகிரும்."

"கெடாய்க்கா, எனக்கா?"

இதற்கு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவ்வளவு நல்ல ஆள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குழாயைத் திருப்பின நாளிலிருந்து என் காரை நான் அந்தப் பள்ளத்தில் இறக்கவே இல்லை. தெருவில், வெயிலில் நிறுத்தினேன். சீட் பழுத்துப்போய் உட்கார முடியாது. ஏன் பாய் இப்படி என்று கேட்டவர்களிடம், நடந்தால் சர்க்கரை குறையும் என்றேன். ஷஹீனாவின் ஸ்கூட்டியையும் கீழே விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஏன் அத்தா என்று கேட்டாள். கீறல் விழும் என்றேன். ஒரு தகப்பனுடைய அக்கறை எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது, பாருங்கள்.

ஷஹீனாவின் கடைத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், பயிற்சி முடிந்து சுகப்பிரியா வந்துவிட்டார். நேரே மேற்குச் சந்துக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். இரண்டு வாய்களையும் பார்த்தார். பக்கத்துப் பூக்கடையிலிருந்து ஓர் ஊதுபத்தியை வாங்கிக் கொளுத்தி, கெட்ட காற்று வரும் வாயருகே நீட்டினார். புகை வெளியே வந்து, ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, அப்படியே வளைந்து மற்ற வாய்க்குள் போய்விட்டது. கயிறு கட்டி இழுத்த மாதிரி.

"பாத்தீங்களா பாய்?"

"நல்ல வாசனைம்மா," என்றேன்.

அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. கீழே போய், அலாரத்தை இருநூறுக்கு ஏற்றி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது வெளுத்துவிட்டது. வண்டிகளை எல்லாம் வெளியே எடுக்கவைத்து, சரிவின் வாயில் சங்கிலி போட்டுப் பூட்டினார். குழாயைப் பழையபடி கிழக்கே திருப்பும்வரை ஓர் ஆள்கூட உள்ளே இறங்கக் கூடாது என்றார். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். முடியாது என்றார். ஒரு நாள் கேட்டேன். முடியாது என்றார். நாளை மத்தியானம் வரைக்கும் கேட்டேன். "பாய், உயிர் போயிரும்," என்றார். சரிம்மா, அப்படியே ஆகட்டும் என்றேன். அவ்வளவு சுலபமாக நான் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. என்னைத் தெரிந்தவர்களாக இருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளை, நம்பிவிட்டது.

பராமரிப்புக்காக அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி என்னிடம் இருந்தது.

மறுநாள் காலையில் சங்கிலியைத் திறந்தவன் நான். சுகப்பிரியா வேறு வேலையாக விருதுநகர் போவார் என்று விசாரித்து வைத்திருந்தேன். விழாவுக்கு மல்லாங்கிணறு, காரியாபட்டி, மதுரை என்று நாலாபக்கமிருந்தும் சொந்தம். கார்களும் வேன்களும். அவற்றை எங்கே நிறுத்துவது? கடை வாசலில் நின்றால் கண்ணாடிக்குள் நிற்கும் கல்யாணப் பொம்மைகளை யார் பார்ப்பது? பால்ச்சாமியைக் கீழே அனுப்பினேன். அவருக்குச் சங்கிலி விஷயம் தெரியும். முந்தின நாள் அவரையும்தான் மேலே ஏற்றினார்கள்.

"பொறியாளரம்மா வேணாம்னு சொல்லிட்டுப் போனாகளே சாய்பு."

"இன்னைக்கு ஒரு நாளுக்கு அவுகளே சரின்னுட்டாகய்யா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துண்டுக்குள் இருக்கும் விரலைப் படிக்கத் தெரிந்தவருக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியாதா என்று இப்போது யோசிக்கிறேன். ஆனாலும் இறங்கினார். அழகுத்தாய், அவருடைய சம்சாரம், அன்றைக்கு விழாவில் பூ கட்டிக் கொடுக்க வந்திருந்தது. அது முன்னால் வழக்காட வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

நல்ல கோடை. கடையின் ஏசிக்குக் கரெண்டு பற்றவில்லை. வாடகைக்கு ஒரு பழைய ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். எங்கே வைக்கட்டும் என்று கேட்டார்கள். அது கக்குகிற புகையைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டு விசேஷத்தில் அசிங்கத்துக்கெல்லாம் ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. மேற்குச் சந்தில் வையுங்கள் என்றேன். நல்ல காற்றை இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் நிழல் இருந்தது. அங்கே வைத்தார்கள்.

விழா நன்றாக நடந்தது. ஷஹீனா அன்றைக்கு இருந்த அழகை என்னால் சொல்ல முடியாது. வந்தவர்களில் சிலர் கீழே வண்டியை விட்டுவிட்டு மேலே வரும்போதே தலை சுற்றுகிறது என்றார்கள். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். பிரியாணியில்தான் ஏதோ கோளாறு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சமையல் மாஸ்டர் என்னிடம் வந்து, இறைச்சி காலையில் அறுத்ததுதான் பாய், சத்தியமாக என்று கண் கலங்கினார். பரவாயில்லை மாஸ்டர், மனுஷன் என்றால் தப்பு வரத்தான் செய்யும் என்று நான் அவரை மன்னித்தேன்.

பால்ச்சாமி எனக்குப் போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். நீங்கள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும் என்கிறீர்கள்.

"சாய்பு, அலாரம் கத்துது. மேல வாரேன்."

"பொத்தான அமுக்குய்யா. கத்தாது."

"அத அமுக்கிட்டேன். இப்ப நான்ல கத்துறேன். காலு துவளுது சாய்பு. கொமட்டுது."

"நீ மேல வந்தா வண்டி அம்புட்டும் கடை வாசல்ல வந்து நிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் இரு."

"இல்ல சாய்பு, வாரேன்."

"முக்கா மணி."

"இல்ல."

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், அரை மணி."

"அஞ்சு நிமிசம் தாங்காது சாய்பு."

அவருடைய குரல் குழறியது. அது எனக்குக் கேட்டது. ஆனால் அம்மா, அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் கேட்டது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த ஆள் என்னிடம் கெஞ்சுகிறார். விரல் அசையாத ஆள். நான் என் கடைசி வித்தையை எடுத்தேன்.

"சரிய்யா. மேல வா. வந்து கணக்க முடிச்சிக்கிட்டு அழகுத்தாயக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போ. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போனை வைக்கவில்லை. காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அதுதான் போனில் திரும்பி நடப்பது. அங்கே விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மூச்சு. நாலு எட்டு வைக்கிற நேரம் இருக்கும்.

"சாய்பு. போயிராதீக. அரை மணி இருக்கேன்."

கூப்பிட்டுவிட்டார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், பக்கத்தில் நின்ற சம்பந்தியின் தோளைத் தட்டி, ஒரு கிடா வாங்கிவிட்டேன் என்றேன். அவர் ஒன்றும் புரியாமல், பக்ரீத்துக்கா என்று கேட்டார்.

அரை மணி ஆகியும் போன் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை, ஆள் அனுப்பவும் இல்லை. மறந்துவிட்டேன் என்று போலீசில் சொன்னேன். மறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். எதிராளி பேசாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் அத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

வண்டி எடுக்கப் போன ஒருவர் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்து, உங்கள் ஆள் நல்லாத் தூங்குகிறான் பாய் என்றார். வீரணன்தான் இறங்கி ஓடித் தூக்கிக்கொண்டு வந்தான். பால்ச்சாமியின் முகம் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி களையாக இருந்தது. அந்த விஷம் அப்படித்தான் செய்யும் என்று பிறகு டாக்டர் சொன்னார். நாங்கள் கைக்கு மேல் போட்டு விலை பேசிய துண்டை மூக்கில் வைத்துக் கட்டியிருந்தார்.

மாரடைப்பு என்று நான்தான் முதலில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்து அது இல்லை என்றதும், சங்கிலியைத் திறந்தது பால்ச்சாமி என்றேன். வண்டி நிறுத்துகிறவர்களிடம் டீக்காசு கிடைக்கும் என்று ஆசைப்பட்டு, என்னிடமிருந்த சாவியை எடுத்திருக்க வேண்டும் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சுகப்பிரியா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அழகுத்தாய் வந்து துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டது. வேறு எதுவும் வேண்டாம் என்றது. போகும்போது ஒன்று கேட்டது.

"கடேசியா அவுக ஒங்ககிட்ட போன்ல பேசுனாகளாம். என்ன சாய்பு சொன்னாக?"

"நல்லா இருக்கேன்னு சொன்னாரும்மா."

"அவுக அப்பிடிச் சொல்ற ஆளில்லயே," என்றது. அவ்வளவுதான்.

நானாக மனம் திருந்தி வந்தேன் என்று நேற்று சொன்னேன். அதையும் இப்போது திருத்திவிடுகிறேன். பேசிய விலையிலிருந்து யாரும் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, என் போனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகும். எங்கள் மாதிரி வியாபாரிகள் நிறையப் பேர் அப்படி வைத்திருக்கிறோம். எனக்கு அதை வைத்துக் கொடுத்தவள் ஷஹீனா. சூரத்து லேஸ்காரன் சொன்ன விலையை மாற்றுகிறான் என்று என் போனில் பழைய பேச்சைத் தேடப் போய், இதைக் கேட்டுவிட்டாள். பால்ச்சாமியை அவள் மாமா என்று கூப்பிடுவாள்.

கடை ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள். "அத்தா, நீங்க போய்ச் சொல்றீகளா, நான் போய்ச் சொல்லவா?"

"பெருநாள் கழியட்டும்மா."

"இன்னைக்கு."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைய முடிச்சிட்டு..."

"அத்தா."

நான் எழுந்து வாசல்வரைக்கும் நடந்து பார்த்தேன். என் பிள்ளை என்னைக் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். பால்ச்சாமி இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

ஆகவே அம்மா, குழாயைத் திருப்பியது நான். எண்ணை ஏற்றியது நான். சங்கிலியைத் திறந்தது நான். ஜெனரேட்டரை அங்கே வைக்கச் சொன்னது நான். மேலே வருகிறேன் என்ற மனுஷனைக் கீழேயே உட்காரவைத்தது நான். கொன்றது நான்தான். வீரணன் மேலும் சுகப்பிரியா மேலும் ஒரு தூசு விழக் கூடாது. வாழ்க்கையில் முதல்முறையாக, எதையும் தட்டிப் பார்க்காமல், உள்ளதை உள்ளபடி முழு விலைக்குக் கொடுத்திருக்கிறேன். மனசு லேசாகிவிட்டது.

தம்பி எழுதியதை வாசித்துக் காட்டினார், கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? போட்டுவிடுகிறேன்.

ஒரே ஓர் இடம். 'ஆள் செத்துப்போவான் என்று முழுக்கத் தெரிந்தே' என்று எழுதியிருக்கிறது பாருங்கள், அந்த 'முழுக்க' எதற்கும்மா? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், 'பாதி' என்று போட்டுக்கொள்வோம்.